கடைசி பெஞ்சு சிஸ்டர்

அந்தச் சபையில் அவளுக்குக் கிடைத்த பேரும் புகழும் முழுக்க முழுக்கத் தூக்கத்தால் வந்தவை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எவ்வளவு பெரிய பக்தை என்று பாதிக் கதைவரை உருகிவிட்டு, பிறகு என்மேல் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. துவைத்து வரும் படுக்கை விரிப்புகள் இஸ்திரி போடும் உருளையிலிருந்து சுடச்சுட வெளியே வரும். இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் இன்னொருத்தி. மூலையைப் பிடித்து, உதறி, நெருங்கி வந்து மூலையோடு மூலை சேர்த்து, மறுபடி விலகிப்போய், மறுபடி நெருங்கி, ஒரு விரிப்பு மடிந்து முடிவதற்குள் அடுத்தது தலையை நீட்டிவிடும். விடிவதற்கு முன்பே தொடங்குகிற வேலை மதியம் முடியும். மாலையில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் தரை துடைக்கப் போக வேண்டும். நடுவில் உள்ள நேரம்தான் அவளுக்குச் சொந்தம்.

வார நாட்களில் பிரச்சினை இல்லை. அண்ணன் வீட்டில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போயிருப்பார்கள்; கூடத்தில் சோபாவுக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் இடையில் பாயைப் போட்டு ஒரு பாடு தூங்கி எழுவாள். கணவன் வேறொரு குடித்தனம் பார்த்துக்கொண்டு போன பிறகு அவள் வந்து சேர்ந்த இடம் அது. அண்ணி நல்லவள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. பாத்திரங்களைத்தான் கொஞ்சம் சத்தமாக வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் வீடு முழுக்க ஆட்கள், டிவி, விருந்தாளி, பிள்ளைகளின் சண்டை. கூடத்தின் நடுவில் ஒரு பெண்பிள்ளை காலை நீட்டிப் படுக்க முடியுமா? சலவைக்கூடத்தின் ஓய்வறையில் கொஞ்ச நாள் படுத்துப் பார்த்தாள். ஒரு ஞாயிறு அந்த அறையையும் மேற்பார்வையாளர் பூட்டிவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்குத்தான் கால்போன போக்கில் நடந்து அந்தத் தெருவுக்கு வந்தாள். மூடிக்கிடந்த டயர் கடைக்கு மேலே மாடியில் பாட்டுச் சத்தம் கேட்டது. பாட்டைக் கேட்டு மனம் உருகி ஏறினாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஜன்னல் வழியாக மின்விசிறிகள் சுற்றுவது தெரிந்தது. அவள் அதைப் பார்த்துத்தான் படியேறினாள்.

அது ஒரு சின்னச் சபை. காலையில் வர முடியாத நர்சுகள், காவலாளிகள், ஓட்டல்காரர்கள் ஆகியோருக்காக மதியம் ஓர் ஆராதனை வைத்திருந்தார்கள். கடைசி பெஞ்சில், தூண் ஓரமாக அவள் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் பாஸ்டர், “ஜெபிப்போம்” என்றார். உடனே எல்லோரும் எழுந்து திரும்பி, தாங்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு எதிரே தரையில் முழங்கால் போட்டு, பலகையின்மேல் கையை மடித்து வைத்து, முகத்தை அதில் புதைத்துக்கொண்டார்கள். அந்தச் சபையில் அதுதான் வழக்கம். அவளும் பார்த்துப் பார்த்து அப்படியே செய்தாள். கன்னத்தில் பலகை குளிர்ச்சியாகப் பட்டதுதான் தெரியும். கண்ணைத் திறந்தபோது பிரசங்கம் முடிந்து, கடைசி ஆமென் சொல்லி, பாதிப் பேர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

வெட்கத்தில் முகம் காட்டாமல் ஓடிப்போனாள். அடுத்த ஞாயிறு வெட்கத்தைவிடத் தூக்கம் பெரிதாக இருந்ததால் திரும்பி வந்தாள். மறுபடி முழங்கால், மறுபடி பலகை, மறுபடி தூக்கம். பாட்டு வந்தது, போனது. பாஸ்டர் மேஜையைத் தட்டினார். அவள் எழவில்லை. அவளுக்கு மேலே இருந்த மின்விசிறி மட்டும் மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றியது. ரெகுலேட்டர் கெட்டுப்போயிருக்கும், நம் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் ஒன்று நினைக்க, சபை வேறொன்று நினைத்தது. எல்லோரும் ஜெபம் முடிந்து உட்கார்ந்த பிறகும் ஒருத்தி மட்டும் முழங்காலை விட்டு எழாமல், ஆராதனை முடியும்வரை அப்படியே கிடக்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? “அந்த சிஸ்டருக்கு எவ்வளவு பாரம் பாருங்க” என்றார்கள். அவள் பெருமூச்சு விட்டது அவர்களுக்குப் பரிதவிப்பாகக் கேட்டது. தூக்கத்தில் மேற்பார்வையாளரோடு சண்டை போட்டு ஏதோ முனகியதை, ஆவி இறங்கிப் பேசும் அந்நியபாஷை என்றே ஓரிருவர் எடுத்துக்கொண்டார்கள். ‘கடைசி பெஞ்சு சிஸ்டர்’ என்ற பேர் நிலைத்துவிட்டது. ஒரு நர்சு அவள் முழங்காலுக்குப் பஞ்சுத் தலையணை தைத்துக்கொண்டு வந்து வைத்துவிட்டாள். வசதி கூடியதில் தூக்கமும் கூடியது.

அதோடு விட்டார்களா? ஆராதனை நடுவிலேயே யாராவது பக்கத்தில் வந்து மண்டியிட்டு, அவள் காதோரம் கிசுகிசுக்க ஆரம்பித்தார்கள். மகனுக்கு வேலை நிற்கவில்லை, மருமகள் பேச மாட்டேன் என்கிறாள், கட்டி இருக்கிறதாம், ஸ்கேன் எடுக்க வேண்டுமாம். பாதித் தூக்கத்தில் எல்லாம் உள்ளே போய்விடும். மறுநாள் விரிப்பு மடிக்கும்போது, சம்பந்தமே இல்லாமல், அந்த மருமகள் பேசியிருப்பாளா என்று தோன்றும். பேசியிருந்தால் நன்றாக இருக்குமே என்று இருக்கும். எதிர்ப்பக்கம் நிற்பவள், “என்ன, மூலையப் புடிக்காம வானத்தப் பார்த்துட்டு நிக்கிற?” என்று அதட்டுவாள்.

அவளுக்கு உள்ளுக்குள் ஒரே உதறல்தான். கடவுள் வீட்டுக்கு வந்து தூங்குவது போதாது என்று ஜெபிக்கிறவள் என்ற பேரையும் வாங்கி வைத்திருக்கிறோமே! தெரிந்தால் என்ன ஆகும்? யாரும் அடிக்க மாட்டார்கள். முகம்தான் மாறும். புருஷன் வீட்டில் பார்த்திருக்கிறாள், அண்ணன் வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறாள். முகம் மாறிய இடத்தில் மறுபடி போய் உட்கார முடியாது. அந்தப் பெஞ்சு போய்விட்டால் தலை சாய்க்க வேறு இடம் இல்லை. அது மட்டுமல்ல, படியேறி வந்தால் “வாங்க சிஸ்டர்” என்று சிரிக்க ஆள் இருந்ததும் அவளுக்கு அங்கே மட்டும்தான். இன்றைக்காவது விழித்திருந்து உண்மையாகவே ஜெபித்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் வைராக்கியத்தோடுதான் முழங்கால் போடுவாள். ‘ஆண்டவரே’ என்று ஆரம்பிப்பாள். அதற்கு அடுத்த வார்த்தையை அவள் கண்டதே இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் ஆராதனை முடிந்ததும் பாஸ்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பாஸ்டர் பிரசங்கம் செய்வார். மற்றபடி சபையை நடத்துவது பாஸ்டரம்மாதான்.

“சிஸ்டர், நம்ம டிரைவர் அண்ணன் வீட்டுக்கு நீங்க ஒரு தடவ போய்ட்டு வரணும்.”

டிரைவர் அண்ணன் தொலைதூர பஸ் ஓட்டியவர். வயிற்றில் புற்றுநோய் என்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ராத்திரி பகல் எந்நேரமும் தூங்காமல் விழித்துக்கொண்டே கிடக்கிறார் என்று அவளும் கேள்விப்பட்டிருந்தாள். அவர் மனைவியை அவளுக்குத் தெரியும். முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லோருக்கும் முன்னால் பாட்டை எடுப்பவள். கொஞ்ச நாளாகக் காணோம்.

“நானா? ஜெபக்குழுவுல பெரியவங்க இருக்காங்களே பாஸ்டரம்மா.”

“எல்லாரும் போயாச்சு. யாரும் வர வேணாம்னு கதவச் சாத்திட்டாரு. நீங்க போங்க.”

“எனக்குச் சத்தமாவெல்லாம் ஜெபிக்க வராது.”

“அதான் உங்களப் போகச் சொல்றேன்” என்றார் பாஸ்டரம்மா. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

அடுத்த ஞாயிறு, பலியாடு மாதிரி அந்த வீட்டுக்குப் போனாள். டிரைவரின் மனைவிதான் கதவைத் திறந்தாள். கண்ணைச் சுற்றிக் கருவளையம். ஒரு கையில் மருந்துக் கரண்டி. ஒன்றும் கேட்காமல் உள்ளே கூட்டிப்போனாள். சின்ன அறை. மருந்து வாடை, டெட்டால் வாடை, அதற்கு அடியில் நோயின் வாடை. சலவைக்கூடத்துக்காரிக்கு அதெல்லாம் பழக்கம். கட்டிலில் எலும்பும் தோலுமாகக் கிடந்த மனுஷன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்கள் மட்டும் எச்சரிக்கையாக இருந்தன.

“ஜெபமா?” என்றார்.

“ஆமாண்ணே.”

“சத்தம் போடாம பண்ணுங்க. போன தடவ வந்தவங்க போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டுக்காரனுக்கே குணமாயிருக்கும்.”

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. சொல்ல ஒன்றும் இல்லாததால் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தாள். கட்டில் ஓரமாக முழங்கால் போட்டு, விளிம்பில் கையை மடித்து, முகத்தை வைத்தாள். விரிப்பு நன்றாக அலசப்படவில்லை, சோப்பு நிற்கிறது என்று தோன்றியது. ‘ஆண்டவரே’ என்றாள். அவ்வளவுதான்.

விழித்தபோது ஜன்னல் வெயில் சுவரின் மறுபக்கம் போயிருந்தது. அவளுக்கு உயிரே போய்விட்டது. மெதுவாகத் தலையைத் தூக்கினாள். டிரைவர் வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். வாசற்படியில் அவர் மனைவி சேலை முனையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

“எத்தன நாளுக்கப்புறம் தூங்குறாரு தெரியுமா?” என்றாள், அவளை வெளியே இழுத்துப்போய். “என்ன ஜெபம் பண்ணீங்க சிஸ்டர்?”

அவள் தலையைக் குனிந்துகொண்டு கிளினிக்குக்கு ஓடினாள். அன்றைக்குத் துடைத்த தரையையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் சபை முழுக்கப் பரவிவிட்டது. பேசாமல் உண்மையைச் சொல்லித் தொலைத்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் யாரிடம்? சாகக்கிடக்கிற மனுஷனை ஏமாற்றியதுதான் அவளை அறுத்துக்கொண்டிருந்தது. அதனால் அடுத்த ஞாயிறு போனதும், அவர் மனைவி அடுப்படியில் இருக்கும்போது, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“அண்ணே, மன்னிச்சிருங்க. அன்னிக்கு நான் ஜெபம் பண்ணல. தூங்கிட்டேன். சபையிலயும் அப்படித்தான். எனக்கு ஜெபிக்கவே தெரியாது.”

“தெரியுமே” என்றார் அவர்.

“தெரியுமா?”

“நான் யாருன்னு நெனச்ச? காலமெல்லாம் கண்ணாடியில தூங்குறவங்களப் பார்த்தே வண்டி ஓட்டுனவன். யாரு கண்ண மூடிட்டு யோசிக்கிறான், யாரு நெசமாத் தூங்குறான்னு கழுத்தப் பார்த்தே சொல்லிருவேன்.” மூச்சு வாங்கக் கொஞ்சம் நிறுத்தினார். “உனக்குக் கழுத்தே இல்லம்மா. அப்படித் தொங்கிப் போச்சு.”

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “பாஸ்டரம்மாகிட்ட சொல்லிடாதீங்க. எனக்கு வேற இடம் இல்ல.”

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். “எனக்குக் கண்ண மூடப் பயம். மூடுனா வண்டி எங்கயோ போயிருமேன்னு. ஓட்டி ஓட்டிப் பழகிருச்சு. வர்றவங்க எல்லாரும் நம்புங்க, நம்புங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க. எப்படின்னு ஒருத்தரும் காட்டல. நீ வந்தே, முழங்கால் போட்டே, ஒரு நிமிஷத்துல போய்ட்ட. என்னைக் கேட்டா அதான் நம்பிக்க. பயந்தவன் பஸ்ல தூங்க மாட்டான்மா. எவனோ ஓட்டுறான்னு விட்டுட்டவன்தான் தூங்குவான். நானும் ஏறி ஒரு சீட்ல உக்காந்தா என்னன்னு தோணுச்சு.”

“நான் நம்பித் தூங்கலண்ணே, அசதியில தூங்குனேன்.”

“அசதி இல்லாம எவன் நம்புறான்?” என்று சிரிக்கப் போனவருக்கு இருமல் வந்துவிட்டது.

இருமல் சத்தம் கேட்டு அவர் மனைவி ஓடி வந்தாள். வாந்தியில் விரிப்பு நனைந்துபோயிருந்தது. சலவைக்கூடத்துக்காரி யாரும் சொல்லாமலே எழுந்தாள். ஆளைக் கட்டிலைவிட்டு இறக்காமலே ஒருபக்கம் புரட்டி, பழையதைச் சுருட்டி, புதியதை விரித்து, இந்தப் பக்கம் அவள் இழுக்க அந்தப் பக்கம் அவர் மனைவி இழுத்தாள். காய்ந்த விரிப்புகளையும் கொடியிலிருந்து கொண்டுவந்து இரண்டு பேருமாக மடித்தார்கள். மூலையோடு மூலை சேர்க்க நெருங்கி வந்தபோது அந்த அம்மாளுக்கு நின்றபடியே கண் சொருகுவதைப் பார்த்தாள்.

கிளம்பும்போது டிரைவர் கையசைத்துக் கூப்பிட்டார். “இவ எனக்கு முன்னால தூங்க மாட்டா. நான் போனாலும் தூங்க மாட்டா. கொஞ்சம் பார்த்துக்கம்மா.”

அதன் பிறகு அவள் ஞாயிறுதோறும் சபைக்குப் போகாமல் அந்த வீட்டுக்கே போனாள். வாய்விட்டு ஒரு ஜெபமும் நடக்கவில்லை. கட்டில் ஓரத்தில் அவள் தூங்குவாள், கட்டிலில் அவர் தூங்குவார். இரண்டு பேருக்கும் காவலாக அந்த அம்மாள் நாற்காலியில் விழித்திருப்பாள். ஒரு வார நாளில், காலை நேரத்தில், இவள் உருளைக்கு முன்னால் விரிப்போடு நிற்கும்போது அவர் போய்விட்டார். தூக்கத்திலேயே போனார் என்றார்கள்.

அடக்கத்துக்குச் சபை முழுக்க வந்திருந்தது. அங்கே ஓரிருவர் பேசியது அவள் காதில் விழுந்தது. “கடைசி பெஞ்சு சிஸ்டர் ஜெபிச்சுமா இப்படி ஆயிருச்சு?” குத்தலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டார்கள். ஆனாலும் அவளுக்குச் சுருக்கென்றது. வேஷம் கலைந்ததென்று நிம்மதி வர வேண்டாமா? வரவில்லை. கிடைத்த இந்த ஒரு வீட்டிலும் யாரோ பாத்திரத்தைச் சத்தமாக வைத்தது போலத்தான் இருந்தது.

அந்த ஞாயிறு வேலை முடிந்து வந்தவள் டயர் கடை வாசலில் வெகுநேரம் நின்றாள். மேலே பாட்டு நடந்துகொண்டிருந்தது. பாட்டை எடுக்கிற குரல் இல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தது. இனி எந்த முகத்தோடு போவது? போகாமலும் எங்கே போவது? நின்று நின்று கால்கள் வலித்தன. கடைசி முறையாகப் போய் உட்கார்ந்துவிட்டு வந்துவிடலாம் என்று ஏறினாள்.

கடைசி பெஞ்சில், தூண் ஓரமாக, அவள் இடத்துக்குப் பக்கத்தில் டிரைவரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். முதல் வரிசைக்காரி! இவளைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள். பாஸ்டர் ஜெபிப்போம் என்றார். எல்லோரும் திரும்பி முழங்கால் போட்டார்கள். இவள் தன் பஞ்சுத் தலையணையை அந்த அம்மாளின் முழங்காலுக்கு அடியில் தள்ளினாள்.

பலகையில் கன்னம் பட்டது. வழக்கமான தூக்கம் கண்ணைச் சொருக ஆரம்பித்தது. அப்போது பக்கத்தில் அந்த அம்மாளின் தோள் கொஞ்சங்கொஞ்சமாக இறங்குவது தெரிந்தது. இறுக்கிப் பிடித்திருந்த கைக்குட்டை விரலிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. கழுத்து அப்படியே தளர்ந்து தொங்கிவிட்டது. டிரைவர் அண்ணன் பார்த்திருந்தால், நெசமாத் தூங்குறாள் என்று சொல்லியிருப்பார்.

ஜெபம் முடிந்து எல்லோரும் எழுந்து உட்கார்ந்தார்கள். அந்த அம்மாள் எழவில்லை. இவளும் எழவில்லை, ஆனால் தூங்கவும் இல்லை. முன் வரிசைகளில் இரண்டொரு தலைகள் திரும்பின. பாவம், மயக்கம் போட்டுவிட்டாளோ என்று பாஸ்டரம்மா எழுந்து பின்னால் வந்தார். குனிந்து அந்த அம்மாளின் தோளைத் தொடப் போனார்.

இவள் சட்டென்று கையை நீட்டித் தடுத்தாள். “எழுப்பாதீங்க பாஸ்டரம்மா” என்றாள். “ஜெபத்துல இருக்காங்க.”

பாஸ்டரம்மா அவளைப் பார்த்தார். தூங்குகிறவளைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். முகம் மாறவில்லை. தூணுக்குப் பின்னால் இருந்த சுவிட்சுப் பலகைக்கு நடந்துபோய், கடைசி பெஞ்சு மின்விசிறியின் ரெகுலேட்டரை, எத்தனையோ தடவை திருப்பிப் பழகிய கையால், பார்க்காமலே ஒரு திருப்புத் திருப்பி வேகத்தைக் கூட்டிவிட்டு, தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார்.

ரெகுலேட்டர் கெட்டுப்போகவில்லை. முதல் ஞாயிற்றிலிருந்தே கெட்டுப்போகவில்லை. அவள் பலகையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு, தோள் குலுங்க, சத்தமில்லாமல் அழுதாள்.

அழுது முடித்தபோது பிரசங்கம் பாதி ஆகியிருந்தது. இந்த மனுஷன் இவ்வளவு நேரம் பேசுவார் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது, கண் எரிந்தது, உடம்பு ஒவ்வொரு மூட்டிலும் கெஞ்சியது. பக்கத்தில் அந்த அம்மாள் லேசாகக் குறட்டை விட ஆரம்பித்திருந்தாள். இவள் அந்தப் பக்கம் நகர்ந்து, தன் தோளை அந்தத் தலைக்கு அண்டக் கொடுத்துக்கொண்டு, ‘ஆண்டவரே’ என்றாள். இந்தத் தடவை அடுத்த வார்த்தையும் வந்தது.

‘ஆண்டவரே, இவங்க தூங்கட்டும். நான் முழிச்சிருக்கேன்.’